முதலாளி இல்லாத நேரத்தில் கடை

 

எல்லாப் புகழும் அல்லாஹு தஆலாவுக்கே. தாமும் வியாபாரியாக இருந்து, வியாபாரிகளுக்கு வழிகாட்டியாகவும் விளங்கிய நம் நாயகம் முஹம்மது முஸ்தபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார், தோழர் யாவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

சில வாரங்களுக்கு முன், ஜும்ஆத் தொழுகை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, ஒரு வாலிபர் நம்மருகே வந்து உட்கார்ந்தார். தகப்பனார் மெளத்தானபின் துணிக்கடையை ஏற்று நடத்துகிறவர். ஐவேளைத் தொழுகையில் தவறாதவர். ஜகாத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுப்பவர். அன்று அவர் முகம் வாடியிருந்தது. என்ன விஷயமென்று கேட்டோம்.

மலாய் மூதாட்டி ஒருவர் திரைச்சீலைக்கென்று 12 மீட்டர் துணி வாங்கிச் சென்றாராம். மறுநாள் அதைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்து, குரலை உயர்த்தாமல், வீட்டில் அளந்தால் அரை மீட்டர் குறைகிறதே என்று மட்டும் சொன்னாராம். கல்லாவிலிருந்த வாலிபர் தம் கையாலேயே அளந்து பார்த்தார். குறைவு உண்மைதான். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, புதிதாக வெட்டிக் கொடுத்து அனுப்பினார். பிறகு, முதல் நாள் அளந்து கொடுத்த பையனைத் தனியே அழைத்து விசாரித்தார். பையன் முதலில் பயந்தான். பின்பு உள்ளதைச் சொன்னான். துணியைக் கோலில் பிடிக்கும்போது ஒவ்வொரு மீட்டருக்கும் இரண்டு விரல் அகலம் உள்ளே தள்ளிப் பிடிப்பது, அவனுக்கு முன் அந்த மேஜையில் நின்றவர் கற்றுக் கொடுத்த 'தொழில்'.

"ஏன்டா இப்படிச் செஞ்சே?" என்று கேட்டதற்கு, அந்தப் பையன் சொன்ன பதில்தான் வாலிபரின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. "முதலாளி, மாசக் கடைசியில எவ்வளவு வித்தேன்னு கேப்பீங்க. எப்படி வித்தேன்னு ஒரு நாளும் கேட்டதில்லையே."

"ஹஜ்ரத், நான் அவனை மோசம் செய்யச் சொல்லவில்லை. ஆனால் அந்த அரை மீட்டருக்குரிய காசு என் கல்லாவில்தான் விழுந்தது. இந்தப் பாவம் அவனுக்கா, எனக்கா?" என்று கேட்டார்.

நமக்கு உடனே பதில் வரவில்லை. பத்வாக் கொடுப்பதற்கு முப்திமார்கள் இருக்கிறார்கள். அந்த இடத்துக்கு நாம் போகவில்லை. ஆனால், அவர் கேட்ட கேள்வி அவருக்கு மட்டும் உரியதன்று. இந்தச் சஞ்சிகையைக் கையில் வைத்திருக்கும் நம் எல்லோருக்கும் உரியது. ஆதலால்தான் அவர் அனுமதியோடு இங்கே எழுதுகிறோம்.

அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்யலாகாது என்பதை நம்மில் அறியாதவர் யார்? மதரஸாப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். திருக்குர்ஆனில் 83ஆவது அத்தியாயத்திற்கே அப்படிப்பட்டவர்களின் பெயர்தான் இடப்பட்டிருக்கிறது. பிறரிடம் வாங்கும்போது நிறைய அளந்து வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைக்கிறவர்களுக்குக் கேடுதான் என்ற எச்சரிக்கையோடு அது தொடங்குகிறது. ஷுஐப் (அலை) அவர்கள் மத்யன் நகரத்தாருக்கு நபியாக அனுப்பப்பட்டபோது, ஏக இறைவனை வணங்குங்கள் என்ற அழைப்பை அடுத்து அவர்கள் பேசியது என்ன? அளவையும் நிறுவையும்தான். ஒரு சமுதாயம் அழிந்ததற்கு எத்தனையோ காரணங்கள் சொல்லலாம்; மத்யனின் சரித்திரத்தில் தராசும் ஒரு காரணமாக நிற்கிறது.

இவையெல்லாம் நமக்குத் தெரிந்தவை. ஆனால் நம்மில் பலர் இப்போது தராசைத் தொடுவதே இல்லை என்பதை நினைத்துப் பார்த்தோமா? நம் பாட்டனார் தாமே அளந்தார், தாமே நிறுத்தார், தாமே கல்லாவில் இருந்தார். அவர் செய்த நன்மையும் தீமையும் அவர் விரல்களிலேயே இருந்தன. இன்று நாம் கணக்குப் பார்க்கிறோம், பாங்கிக்குப் போகிறோம், ஊருக்குப் போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வருகிறோம். அளப்பவன் வேறு, நிறுப்பவன் வேறு, சரக்கை விடுவிக்கிறவன் வேறு, கணக்கெழுதுகிறவன் வேறு. நம் விரல்கள் சுத்தமாகத்தான் இருக்கின்றன. கடையின் விரல்கள் எப்படியிருக்கின்றன என்பதுதான் கேள்வி.

ஒவ்வொருவரும் ஒரு மேய்ப்பர். தம் பொறுப்பில் விடப்பட்டவை பற்றி ஒவ்வொருவரும் விசாரிக்கப்படுவர் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் பிரசித்தி பெற்ற அறிவுரை. மேய்ப்பன் உறங்கும்போது ஆடு பக்கத்துப் பயிரில் வாய் வைத்தால், "நான் மேயச் சொல்லவில்லையே" என்று அவன் சொல்லித் தப்ப முடியுமா?

இது பற்றி நம் முன்னோர்களான நல்லடியார்களின் சரித்திரத்தில் இரண்டு சம்பவங்கள் இருக்கின்றன. இரண்டும் துணிக்கடையில் நடந்தவை என்பது நமக்கே ஆச்சரியமாக இருந்தது.

முதலாவது, பஸராவில் வாழ்ந்த யூனுஸ் இப்னு உபைத் (ரஹ்) அவர்களுடையது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யா' என்னும் நூலில், சம்பாத்தியத்தின் ஒழுக்கங்களைச் சொல்லும் பகுதியில் இதைக் கூறுகிறார்கள். யூனுஸ் அவர்களின் கடையில் 400 திர்ஹம் விலையுள்ள அங்கிகளும் இருந்தன. 200 திர்ஹம் விலையுள்ளவையும் இருந்தன. தம் சகோதரர் மகனைக் கடையில் விட்டுவிட்டு அவர்கள் தொழுகைக்குச் சென்றார்கள். அந்நேரம் நாட்டுப்புறத்து அரபி ஒருவர் வந்து 400 திர்ஹத்துக்கு ஓர் அங்கி கேட்டார். பையன் 200 திர்ஹம் பெறுமானமுள்ளதை எடுத்துக் காட்டினான். அவருக்கு அது பிடித்துப் போயிற்று. மகிழ்ச்சியோடு 400 கொடுத்து வாங்கிக்கொண்டு நடந்தார். வழியில் யூனுஸ் அவர்கள் எதிரே வந்தார்கள். அங்கி தம் கடையினுடையது என்று கண்டுகொண்டு, என்ன விலைக்கு வாங்கினீர் என்று கேட்டார்கள். 400 என்றதும், இது 200க்கு மேல் பெறாது, திரும்பி வாரும் என்று அழைத்தார்கள். அந்த அரபியோ, எங்கள் ஊரில் இது 500 பெறும், நான் திருப்தியாகத்தான் வாங்கினேன் என்றார். யூனுஸ் அவர்கள் விடவில்லை. கடைக்கு அழைத்து வந்து 200 திர்ஹத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். பிறகு பையனைக் கண்டித்தார்கள். அவர் மனமொப்பித்தானே வாங்கினார் என்று பையன் வாதாடியபோது, உனக்கு விரும்புவதை அவருக்கு விரும்பினாயா என்பதே அவர்கள் கேட்ட கேள்வி.

சகோதரர்களே, இந்தச் சம்பவத்தில் யூனுஸ் அவர்கள் எங்கே போயிருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். கேளிக்கைக்குப் போகவில்லை, தொழுகைக்குப் போயிருந்தார்கள். அவர்கள் ஸஜ்தாவில் இருந்த நேரத்தில் அவர்கள் கடை ஒருவரிடம் 200 திர்ஹம் அதிகம் வாங்கிக்கொண்டிருந்தது. ஜும்ஆவுக்கு வந்து முதல் ஸப்பில் உட்காரும் நாம், அந்த முக்கால் மணி நேரத்தில் நம் கடை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று நினைப்பதுண்டா?

இரண்டாவது, நம் இமாம் அபூ ஹனீபா (ரஹ்) அவர்களுடையது. ஹிஜ்ரி 80இல் பிறந்து 150இல் மறைந்த அம்மேதை, கூபா நகரில் துணி வியாபாரியாகவும் இருந்தார்கள் என்பது தெரிந்ததே. அவர்களுடைய வியாபாரக் கூட்டாளி ஹப்ஸ் என்பவரிடம் சரக்கை அனுப்பும்போது, இன்ன துணியில் குறை இருக்கிறது, அதை வாங்குகிறவருக்குச் சொல்லிவிட்டு விற்க வேண்டும் என்று இமாமவர்கள் சொல்லியனுப்பினார்கள். ஹப்ஸ் மறந்துவிட்டார். குறையைச் சொல்லாமலே துணி விலை போயிற்று. வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாமவர்களுக்கு இது தெரிந்தபோது, அந்தச் சரக்கு முழுவதிலும் வந்த பணத்தைத் தருமம் செய்துவிட்டார்கள். குறையுள்ள ஒரு துணியின் விலையை மட்டுமல்ல, முழுவதையும்!

அபூ ஹனீபா (ரஹ்) அவர்கள் சொல்லத்தான் சொன்னார்கள். நம்மைப் போல் வாய் மூடியிருக்கவில்லை. அப்படியிருந்தும், 'நான்தான் சொல்லிவிட்டேனே, மறந்தவன் அவன்' என்று அவர்கள் ஒதுங்கிக்கொள்ளவில்லை. வாலிபரின் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் நமக்குத் தோன்றவில்லை. இது பத்வா அல்ல. ஒரு பெரிய இமாமின் மனச்சாட்சி எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதற்குச் சான்று.

நிற்க. பையன் சொன்ன வார்த்தைக்கு மீண்டும் வருவோம். முதலாளி எதைக் கேட்கிறாரோ அதுதான் அந்தக் கடையின் மார்க்கம் என்று சிப்பந்தி புரிந்துகொள்கிறான். சுவரில் ஆயத்துல் குர்ஸி மாட்டியிருக்கலாம். காலையில் யாஸீன் ஓதிக் கடை திறக்கலாம். ஆனால் மாதக் கடைசியில், 'போன மாதத்தைவிட ஏன் விற்பனை குறைந்தது?' என்பது மட்டுமே நம் கேள்வியாக இருந்தால், அதிகம் விற்றவனுக்கு மட்டுமே கமிஷனும் ஹரிராயாப் பரிசும் கிடைக்குமானால், அவன் நம் சுவரைப் பார்க்க மாட்டான். நம் கையைத்தான் பார்ப்பான். மீட்டருக்கு இரண்டு விரல் உள்ளே தள்ளிப் பிடிக்கச் சொன்னது நாமல்லாமல் இருக்கலாம். தள்ளிப் பிடித்தவனுக்குப் பரிசு கொடுத்தது நாம்தானே!

உமர் (ரலி) அவர்கள், மார்க்கத்தில் விளக்கமுடையவரன்றி வேறெவரும் நம் கடைத்தெருவில் விற்க வேண்டாம் என்று கட்டளையிட்டதாகத் திர்மிதியில் வருகிறது. நாம் ஊரிலிருந்து ஒரு பிள்ளையைக் கொண்டு வந்தால், துணி மடிக்கச் சொல்லிக் கொடுக்கிறோம். மலாய் பேசக் கற்றுக்கொள்கிறான். கிட்டங்கிக் கணக்குத் தெரிந்துகொள்கிறான். சரக்கின் குறையை எப்படிச் சொல்லி விற்பது, தெரியாததைத் தெரியாதென்று எப்படிச் சொல்வது, வாடிக்கையாளர் அதிகம் கொடுத்துவிட்டால் எப்படித் திருப்பியழைத்துக் கொடுப்பது, இவற்றை யார் அவனுக்குக் கற்றுக் கொடுத்தது? விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையை விளக்கிக்கொண்டால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும். மறைத்துப் பொய் சொன்னால் பரக்கத் துடைக்கப்பட்டுவிடும் என்ற நபிமொழியை நாம் மேடையில் கேட்கிறோம். மேஜையில் நிற்கும் பிள்ளை கேட்டதில்லை.

இப்போது கோப்பிக் காசு பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இதைச் சொன்னால் சிலருக்குக் கசக்கும், பரவாயில்லை.

சரக்கு துறைமுகத்தில் நிற்கிறது. பெருநாள் நெருங்குகிறது. சரக்கை விடுவிக்கிற முகவர் போன் செய்து, கொஞ்சம் கோப்பிக் காசு கொடுத்தால் நாளைக்கே வந்துவிடும் என்கிறார். நாம் என்ன சொல்கிறோம்? "எனக்கு அதெல்லாம் தெரியாது, நீ பார்த்துச் செய், பில்லில் சேர்த்துக்கொள்." இப்படிச் சொல்லிவிட்டு, நாம் லஞ்சம் கொடுக்கவில்லை என்று நிம்மதியாக உறங்குகிறோம்! லஞ்சம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்ததாக அபூ தாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. அந்தச் சாபம் முகவர் வழியாகச் சுற்றிப் போனால் நம்மை வந்து சேராதா?

ஜகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யா என்பவர் திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று பிரித்துக் காட்டியபோது, நாயகம் (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறிப் பேசினார்கள். அவர் தம் தாய் தகப்பன் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்பதே அவர்கள் எழுப்பிய வினா. கோப்பிக் காசுக்கும், பெருநாள் கூடைக்கும், 'அன்பளிப்பு' என்று எழுதிய உறைக்கும் இந்த ஒரு வினா போதும். அவர் அந்த நாற்காலியில் இல்லாவிட்டால் நாம் அதை அனுப்புவோமா?

அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரலி) அவர்களின் வரலாறும் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் 'முவத்தா'வில் இருக்கிறது. கைபரில் விளைச்சலை மதிப்பிடச் சென்ற அவர்களுக்கு, மதிப்பைக் குறைத்துப் போடும்படி அவ்வூரார் தங்கள் பெண்களின் நகைகளைத் திரட்டிக் கொடுத்தார்கள். அவர்கள் தொடவில்லை. அவ்வூரார் மீது தமக்கு மனவருத்தம் இருந்தும், அதற்காக அவர்களுக்கு அநீதி செய்ய மாட்டேன் என்றும் சொன்னார்கள். நீதியால்தான் வானமும் பூமியும் நிற்கின்றன என்று அவ்வூராரே ஒப்புக்கொண்டார்களாம்.

அரசாங்கச் சட்டமும் இப்போது மேய்ப்பனைத்தான் பிடிக்கிறது. மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தில் 17ஏ என்றொரு பிரிவு 2020ஆம் ஆண்டு ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரு கம்பெனியோ கூட்டு வாணிகமோ ஆதாயம் அடைவதற்காக, அதன் இயக்குநரோ, பங்காளியோ, சிப்பந்தியோ, அதன் சார்பில் வேலை பார்க்கும் முகவரோ லஞ்சம் கொடுத்தால், அந்தக் கம்பெனியே குற்றவாளியாகும். லஞ்சத் தொகையைப் போல் பத்து மடங்குக்குக் குறையாத அபராதம், அல்லது பத்து லட்சம் வெள்ளி, இவற்றில் எது பெரிதோ அது. இருபது ஆண்டு வரை சிறையும் உண்டு. நிர்வாகத்தில் இருப்பவர்களும் அந்தக் குற்றத்தைச் செய்தவர்களாகவே கருதப்படுவார்கள். 'எனக்குத் தெரியாது' என்பது மட்டும் போதாது. நடக்காமலிருக்கத் தக்க ஏற்பாடுகளைச் செய்திருந்தேன் என்று கம்பெனி நிரூபிக்க வேண்டும். அந்த ஏற்பாடுகள் எவை என்று அரசாங்கம் வழிகாட்டியும் வெளியிட்டிருக்கிறது: மேலே இருப்பவர்களின் உறுதி, எங்கே தவறு நடக்கக்கூடும் என்ற ஆராய்ச்சி, தடுக்கும் முறைகள், அவ்வப்போது சரிபார்த்தல், சிப்பந்திகளுக்குப் பயிற்சி. சிங்கப்பூர்ச் சகோதரர்களுக்கு இது புதிதல்ல. அங்கே ஊழல் தடுப்புச் சட்டம் 1960இலிருந்தே இருக்கிறது. தனியார் கம்பெனிகளுக்குள் கொடுக்கும் லஞ்சமும் அதில் குற்றம்தான். கொள்முதல் செய்கிறவருக்குத் தனியே கொடுக்கும் 'கமிஷன்' கூட அதில் சிக்கக்கூடும்.

சட்டத்துக்குப் பயந்து செய்வதில் என்ன நன்மை என்று சிலர் கேட்கலாம். பயந்து செய்தாலும் சரக்கு நேர்வழியில் வருமல்லவா? நிய்யத்தை அல்லாஹ் சீராக்கட்டும்.

இனி, நம் சொந்தச் சிப்பந்திகள் பற்றியது. மேலே சொன்ன எல்லாவற்றையும்விட இது நம்மை அதிகம் உறுத்துகிறது. வேலைக்கு ஆளை வைத்து, வேலையை முழுக்க வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் கூறுவதாக புகாரியில் ஒரு ஹதீஸ் குத்ஸி இருக்கிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வேலைச் சட்டம், சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் கொடுக்கச் சொல்கிறது. மலேசியாவில் 2023 ஜனவரி முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சாதாரண வேலை. அதற்கு மேல் தனிக் கூலி. 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாயிற்று. பிறருடைய பாஸ்போர்ட்டை உரிமையின்றி வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இருந்தும், 'பாதுகாப்புக்காக' என்று சொல்லி ஊர்ப் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டுகளை அலமாரியில் பூட்டி வைப்பவர்கள் நம்மிலேயே இல்லையா? பெருநாளுக்கு முன் இரண்டு மாதச் சம்பளத்தை 'பிடித்து' வைப்பவர்கள் இல்லையா? அப்படி நடத்தப்படும் பிள்ளையிடம், வாடிக்கையாளருக்கு நேர்மையாக அளந்து கொடு என்று எந்த வாயால் சொல்வது? தன் கூலி குறைவாக அளக்கப்படுவதை அவன் தினமும் பார்க்கிறானே!

குகையில் அடைபட்ட மூவரின் சரித்திரம் நமக்குத் தெரியும். மூன்றாமவர் ஒரு முதலாளி. கூலியை வாங்காமல் போய்விட்ட ஒரு வேலையாளின் தானியத்தை அவர் விதைத்துப் பெருக்கி, மாடுகளும் இடையனுமாக ஆக்கி, நெடுநாள் கழித்து அவன் திரும்பி வந்து கேட்டபோது அத்தனையையும் கொடுத்துவிட்டார். பரிகாசம் செய்யாதீர்கள் என்றான் அவன். குகையின் வாசலை மூடியிருந்த பாறை கடைசியாக நகர்ந்தது இந்த முதலாளியின் துஆவால்தான்.

உணவுக்கடைச் சகோதரர்களுக்கும் ஒன்று. ஜாகிமோ முயிஸோ கொடுத்த ஹலால் சான்றிதழை வாசலில் மாட்டியிருக்கிறோம்; நல்லதுதான். அது அடுப்பங்கரையைப் பற்றிச் சொல்லும். சம்பளப் பேரேட்டைப் பற்றிச் சொல்லாது.

நம் சங்கத்தின் குற்றத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பினாங்கில் 1801இல் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளியையும், சிங்கப்பூரில் 1826இல் நிறுவப்பட்ட ஜாமிஆ சூலியாப் பள்ளியையும் சொல்லி, நம் முன்னோர் வியாபாரிகளாக வந்து பள்ளிவாசல் கட்டியவர்கள் என்று ஒவ்வொரு மீலாத் மேடையிலும் நாம் பெருமை பேசுகிறோம். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் நன்கொடை கொடுப்பவருக்குப் பொன்னாடை போர்த்தும்போது, அவர் கடைச் சிப்பந்திகளுக்குச் சம்பளம் கொடுத்தாயிற்றா என்று நாம் ஒரு நாளும் விசாரித்ததில்லை. ஒரு வருஷம் மதரஸாக் கட்டிட நிதிக்குப் பெரிய தொகை கொடுத்த ஒருவருக்கு நாம் மாலை போட்டுக்கொண்டிருந்தபோது, அவரிடம் வேலை பார்த்து நின்ற இரண்டு பிள்ளைகள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நான்கு மாதச் சம்பளம் பாக்கி என்பது நமக்குப் பிறகுதான் தெரிந்தது. அல்லாஹ் தூயவன், தூயதையே ஏற்கிறான் என்ற நபிமொழியை அன்றைய கூட்டத்தில் ஓதியவரும் நாமே. அந்தப் பிள்ளைகளின் முகம் இன்றும் நம் கண்ணில் நிற்கிறது. தொழுகையும் நோன்பும் ஜகாத்தும் கொண்டு வந்தும், பிறர் பொருளைத் தின்றதனால் எல்லா நன்மையும் அவர்களுக்குப் பங்கிடப்பட்டு, கடைசியில் திவாலாகி நிற்பவனைப் பற்றி முஸ்லிமில் ஒரு ஹதீஸ் வருகிறது. திவால் என்ற வார்த்தையின் பொருள் நம்மைப்போல் வேறு யாருக்குத் தெரியும்?

சரி, என்ன செய்வது என்று அந்த வாலிபர் கேட்டார். நாமும் அவரும் நெடுநேரம் யோசித்தோம். அவருடைய கணக்கப்பிள்ளையையும் போன் செய்து அழைத்தோம், அவர் அனுபவசாலி.

அவர் சொன்ன முதல் யோசனை, பையனை வேலையை விட்டு நீக்க வேண்டாம் என்பது. உண்மை சொன்னவனை நீக்கினால், இனி அந்தக் கடையில் ஒருவனும் உண்மை சொல்ல மாட்டான். இது நமக்குத் தோன்றாத விஷயம். அடுத்ததாக, கமிஷனை விற்பனையோடு மட்டும் கட்டி வைக்கக் கூடாது. திரும்பி வந்த சரக்கும் வாடிக்கையாளர் முறையீடும் அதில் கழிய வேண்டும் என்றார். முகவருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும்; ரசீது இல்லாத காசு ஒரு சென்னும் திருப்பிக் கொடுக்கப்படாது, அதனால் சரக்கு தாமதமானால் அந்த நஷ்டம் கம்பெனியுடையது, முகவருடையதல்ல என்று. இந்தக் கடைசி வாக்கியம்தான் முக்கியம். நஷ்டத்தை நாம் ஏற்றுக்கொள்ளாமல் நேர்மையை மட்டும் பிறர் தலையில் ஏற்றினால், அவர்கள் கோப்பிக் காசைக் கொடுத்துவிட்டு வேறு பெயரில் எழுதுவார்கள். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், 2ஆவது அத்தியாயம் 282ஆவது வசனம், கடனை எழுதி வைப்பது பற்றியது; சிறிதாயினும் பெரிதாயினும் எழுதுவதில் சலிப்படைய வேண்டாம் என்கிறது. எழுத்தில் இருப்பது வெட்கப்படுத்தும். அதனால்தான் கோப்பிக் காசை யாரும் எழுதுவதில்லை.

நாம் சொன்னது ஒன்றுதான். ஹஜர் என்னும் ஊரிலிருந்து துணி கொண்டு வந்த ஸுவைத் இப்னு கைஸ் (ரலி) சொல்கிறார்கள்: நாயகம் (ஸல்) அவர்கள் வந்து ஒரு கால்சட்டைத் துணிக்கு விலை பேசினார்கள். அங்கே கூலிக்கு நிறுக்கும் ஒருவர் இருந்தார். விலையை நிறுக்கும்போது, கொஞ்சம் தாழ நிறுத்துக் கொடுக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் அந்த மனிதரிடமே சொன்னார்கள். வியாபாரியோடு பேரம் முடிந்துவிட்டது. ஆனாலும் தராசைப் பிடித்திருப்பவன் கூலியாள் என்பதை அவர்கள் மறக்கவில்லை. நீரும் உம் கட்டளையை அளக்கும் பையனிடம், உம் வாயால், மற்றச் சிப்பந்திகள் கேட்கச் சொல்ல வேண்டும் என்றோம்: மீட்டருக்கு ஒரு விரல் கூடட்டும், குறைய வேண்டாம், அந்த நஷ்டம் என்னுடையது.

கடந்த வாரம் அவர் கடைக்குப் போயிருந்தோம். அதுவரை குறைத்துக் கொடுத்தது எவ்வளவிருக்கும் என்று பையனை வைத்தே உத்தேசமாகக் கணக்கெடுத்திருக்கிறார்; யார் யாருக்கென்று தெரிந்தவர்களுக்குத் திருப்பிக் கொடுத்து, தெரியாதவர்களுடையதை அவர்கள் பேரில் ஸதகாச் செய்ய எடுத்து வைத்திருக்கிறார். தொகை சிறியதல்ல. அலமாரியிலிருந்த மூன்று பாஸ்போர்ட்டுகளையும், நாம் கேட்காமலே, உரியவர்களிடம் கொடுத்துவிட்டாராம். கோல் பதித்த அளக்கும் மேஜை முன்பு சுவரோரமாக இருந்தது; எண்கள் அளப்பவன் பக்கம் இருந்தன. இப்போது அதை நடுக்கடைக்குக் கொண்டு வந்து, எண்கள் வாங்குபவர் பக்கம் தெரியும்படி திருப்பிப் போட்டிருக்கிறார். நாம் போன நேரம் ஒரு சீன மாது சட்டைத் துணி வாங்கிக்கொண்டிருந்தார். பையன் தலைகீழாகத் தெரியும் எண்களைப் பார்த்து அளந்துகொண்டிருந்தான். இன்னும் பழக்கமாகவில்லை, ஒவ்வொரு மீட்டருக்கும் நின்று நின்று பார்க்கிறான்.